பூஜையறையில் ஒரு சர்வர்

"இன்னும் வரலையா?"

"வந்துக்கிட்டிருக்கு."

"அரைமணி நேரமா வந்துக்கிட்டேதான் இருக்கு. சிறுமலைக்கு ஏறின பஸ்ஸே திரும்பி எறங்கி வந்துருச்சு. இந்த வீட்டு மாடியில இருந்து ஒரு பில்லு எறங்கி வர இம்புட்டு நேரமா?"

"நீங்க பேசப் பேச அதுக்குக் கோவம் வருது பாய். செத்த நேரம் சும்மா இருங்க."

கிதர் முகம்மது சும்மா இருக்கவில்லை. அவர் பூட்டு வியாபாரி. கவுண்டருக்கு வெளியே எட்டு மூட்டைப் பூட்டுகள் கிடந்தன. திருச்சி லாரி ஆறு மணிக்குக் கிளம்பிவிடும்.

"ஊருக்கெல்லாம் பூட்டு விக்கிறவன் நான். என்னையவே இப்படிப் பூட்டிப் போட்டுட்டியே" என்றார்.

சகாயசெல்வி அவருடைய பெயரை முழுதாகத் தட்டி முடித்து வெகுநேரம் ஆகியிருந்தது. திரையில் முதல் எழுத்து மட்டும் வந்து, துணைக்கு ஆள் இல்லாமல் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நின்றது.

நாச்சி பார்சல் சர்வீஸின் புக்கிங் அறையில் நாலு கம்ப்யூட்டர்கள் இருந்தன. நாலும் பழசு. அவற்றுக்குள் எதுவும் கிடையாது. பில், சரக்கு விவரம், லாரி நம்பர் எல்லாமே மாடியில், முதலாளி நாச்சிமுத்துவின் வீட்டில் இருந்த ஒரே ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் இருந்தன. அதைச் சர்வர் என்றார்கள். கீழே உட்கார்ந்தபடி கேபிள் வழியாக அந்தச் சர்வருக்குள் நுழைந்து வேலை செய்ய வேண்டும். ரிமோட் டெஸ்க்டாப் என்று அதற்குப் பெயர். கீழே தெரிவதெல்லாம் மாடியில் நடப்பதன் படம் மட்டும்தான். மாடிப்படிகள் மொத்தம் பதினெட்டு. அந்தப் பதினெட்டுப் படி இறங்கத்தான் ஒரு மாதமாகப் படத்துக்கு உடம்பு வணங்கவில்லை.

ஐந்தே முக்காலுக்குக் கிதர் முகம்மது எட்டு மூட்டைகளையும் தள்ளுவண்டியில் ஏற்றி, எதிர்ச்சாரியில் இருந்த இன்னொரு பார்சல் ஆபீசுக்குக் கொண்டுபோனார். நாச்சிமுத்து வாசலில் நின்று அதைப் பார்த்தார். கடைசி மூட்டை போய்ச் சேரும்வரை பார்த்தார். பிறகு உள்ளே வந்தார்.

"செல்வி, இன்னைக்குத் திங்கக்கிழமை. சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் இந்த நாலு டப்பாவையும் தூக்கிக் குடோன்ல போட்டுட்டு, பழையபடி கார்பன் பேப்பர்தான்."

"அப்ப நானு, மொதலாளி?"

"நீ படிச்ச புள்ள. வேற எடத்துல நல்லாருப்ப."

மூலை மேசையில் முனியப்பன் தொண்டையைக் கனைத்தார். முப்பது வருடமாக மூன்று நகல் பில் எழுதியவர். கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து தன் கார்பன் தாள்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தார்.

"நான் வேற எடத்துக்குப் போக மாட்டேன்" என்றாள் செல்வி. "இதை வாங்கச் சொன்னது நான். ஓட வைக்கிறதும் நான்தான்."

வேலை போனால் அடுத்தது என்ன என்று அவளுக்குத் தெரியும். சாணார்பட்டிச் சம்பந்தம் ஒன்றை அப்பா ஆனந்த்ராஜ் கோரைப்பாயைப் போலச் சுருட்டி ஓரமாக வைத்திருந்தார். மகள் வேலையை விட்டு வீட்டுக்கு வந்த மறுநாளே அதை விரித்துவிடுவார்.

*

சர்வரை விற்ற மதுரைக் கம்பெனியின் என்ஜினியர் விக்னேஷ்குமார் செவ்வாய்க்கிழமை போனிலேயே வைத்தியம் சொன்னார்.

"பின்னால வால்பேப்பர் படம் எதுவும் வெச்சிருக்கீங்களா மேடம்? அதை எடுத்துருங்க. படமும் சேந்து கேபிள்ல வரணும்ல, அது ஒரு பாரம்."

நாலு திரையிலும் பழனி முருகன் இருந்தார். செல்வி நாலையும் எடுத்துவிட்டாள். கொஞ்சம் வேகம் கூடிய மாதிரிகூட இருந்தது.

பத்து மணிக்கு நாச்சிமுத்து படியிறங்கி வந்தார். தினமும் போல முதல் கம்ப்யூட்டருக்கு முன்னால் நின்று, கண்ணை மூடிக் கும்பிட்டு, கண்ணைத் திறந்தார். நீல நிறம்.

"எங்கம்மா அவரு?"

"எடுத்துட்டேன் மொதலாளி. லைனுக்குப் பாரமாம்."

"முருகன் பாரமா?"

"படந்தான் பாரம். முருகன் இல்ல."

"நானும் அப்பவே நெனச்சேன்" என்றார் முனியப்பன், எதை நினைத்தார் என்று சொல்லாமல்.

நாச்சிமுத்து நேரே ஸ்டூடியோவுக்குப் போனார். ராஜ அலங்கார முருகனை, முடிந்தவரை பெரிய சைஸில் சிடியில் போட்டு வாங்கிவந்தார். பழைய படத்தைவிட இது பத்து மடங்கு கனம். அன்றைக்குச் சாயங்காலம் ஒவ்வொரு தடவை திரையைத் திறந்தபோதும் முருகன் தவணை முறையில் காட்சி தந்தார். முதலில் வேல் வந்தது. டீ வந்தது. கிரீடம் வந்தது. மயில் வந்து சேருவதற்குள் டீ ஆறிவிட்டது.

"மலையேறிப் போய்ப் பாக்குற சாமி" என்றார் முனியப்பன். "எறங்கி வாரதுக்கு இவ்ளோ நேரங்கூட ஆகாதா?"

புதன்கிழமை விக்னேஷ்குமார் போனில் கேபிள் எந்த வழியாக வருகிறது என்று கேட்டார். அது மாடிச் சமையலறை வழியாக, கிரைண்டருக்கும் பிரிட்ஜுக்கும் பின்னால் நுழைந்து வந்தது.

"கரண்டு மோட்டாருக்குப் பக்கத்துல போகக் கூடாது மேடம். வெளி வழியா இழுங்க."

செல்வி ஏணி வைத்து ஏறினாள். முனியப்பன் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"விழுந்துராத தாயி. இந்தக் கம்ப்யூட்டருக்காகப் போய் உசுரை விடாத."

"விழுந்தா உங்க மேலதான் விழுவேன். கெட்டியாப் பிடிங்க."

பால்கனியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கேபிளை விறைப்பாக இழுத்துக் கட்டினாள். அழகாக இருந்தது. அதுதான் தப்பாகிவிட்டது.

வியாழக்கிழமை காலையில் நாலு கம்ப்யூட்டருமே செத்துக் கிடந்தன. செல்வி வெளியே ஓடிவந்து மேலே பார்த்தாள். கேபிள் முழுக்க ஈரத் துணிகள். நாலு வேட்டி, இரண்டு போர்வை, நடுவில் ஒரு கொசுவலை. கொசுவலையின் கனத்தில் கேபிள் தொட்டில்போலத் தொய்ந்து, முனையில் பிய்ந்து தொங்கியது.

"புதுசாக் கொடி கட்டிக் குடுத்தியாமே" என்றார் நாச்சிமுத்து. "எங்க வீட்டுல சொன்னாங்க. அதுக்குச் சந்தோசம். எங்கம்மா பில்லு?"

*

வேறு வழியில்லை. விக்னேஷ்குமாரே மதுரையிலிருந்து பஸ் ஏறி வந்தார். பிய்ந்த கேபிளைக் கழற்றி எறிந்துவிட்டு, புதிதாக, தடிமனாக ஒன்றை வீட்டுக்குள்ளேயே சுவரோரமாக இழுத்தார். ஹாலைத் தாண்டிப் பூஜையறை வாசல் வரை போனார். அங்கே நாச்சிமுத்து குறுக்கே கையை நீட்டினார்.

சர்வர் பூஜையறையில் இருந்ததற்குக் காரணம் இருந்தது. குடோனில் தூசி. ஹாலில் டி.வி. படுக்கையறையில் இடமில்லை. செருப்புக் கால் படாமல், நாளுக்கு இரண்டு தடவை துடைக்கப்படும் அறை அந்த வீட்டில் அது ஒன்றுதான். சர்வர் வந்த அன்றே அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவே உட்கார வைத்துவிட்டார்கள். உள்ளே போகிறவர் குளித்திருக்க வேண்டும், அன்றைக்குக் கவிச்சி சாப்பிட்டிருக்கக் கூடாது என்பது சட்டம்.

"தம்பி சாப்ட்டாச்சா?" என்று நாச்சிமுத்து கேட்டார்.

"ஆச்சு சார். பஸ்ஸ விட்டு எறங்குன ஒடனே."

"என்ன சாப்ட்டீங்க?"

விக்னேஷ்குமார் சிரித்தார். "திண்டுக்கல்லுக்கு வந்துட்டு வேற என்ன சார் சாப்பிடுவாங்க? பிரியாணிதான்."

நீட்டிய கை இறங்கவில்லை.

"சார், நான் கையைக் கழுவிட்டேன்."

"வயித்தைக் கழுவ முடியுமா தம்பி?"

கடைசியில் கேபிளின் முனையை வாசலில் நின்றபடி உள்ளே நீட்டவேண்டியதாயிற்று. உள்ளேயிருந்து நாச்சிமுத்துவின் மனைவி பழனியம்மாள் வாங்கிக்கொண்டார். ஒட்டன்சத்திரத்துப் பெண்மணி. முழு நெற்றிக்கு விபூதி. அதிகம் பேசமாட்டார். காலையும் மாலையும் மணிக்கணக்கில் பூஜையில் உட்காருவார், செவ்வாயும் வெள்ளியும் சாப்பாட்டைக்கூட மறந்துவிடுவார் என்று நாச்சிமுத்து பெருமையாகச் சொல்வதுண்டு.

"அம்மா, பெட்டிக்குப் பின்பக்கம்…" என்று விக்னேஷ்குமார் வழி சொல்ல ஆரம்பிப்பதற்குள், "செருகியாச்சுங்க" என்றார் பழனியம்மாள்.

கீழே நாலு திரையும் பளிச்சென்று உயிர்பெற்றன. பகல் ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை பில்கள் பறந்தன. முருகன் மயிலோடு சேர்ந்து ஒரே தடவையில் வந்தார். விக்னேஷ்குமார் மதுரைக்குப் பஸ் ஏறினார். முனியப்பன் பிஸ்கட் டப்பாவை மேசைக்கு அடியில் தள்ளினார்.

நாலு பத்துக்கு மறுபடியும் எல்லாம் நின்றது.

இந்தத் தடவை செல்வி யாருக்கும் போன் செய்யவில்லை. ஒரு மாதமாகத் தான் குறித்துவைத்திருந்த நோட்டை எடுத்தாள். எந்தெந்த நேரத்தில் நின்றது, எப்போது சரியானது என்று அதில் தேதிவாரியாக இருந்தது. காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டு. சாயங்காலம் நாலிலிருந்து ஆறு. செவ்வாயும் வெள்ளியும் கிட்டத்தட்ட முழுநாளும்.

முனியப்பன் எட்டிப் பார்த்தார். "ராகு காலமா இருக்கும்."

"ராகு காலம் நாளுக்கு நாள் மாறும் முனியண்ணே. இது மாறல. இது பூஜை நேரம்."

"அப்ப சாமி குத்தம்."

"சாமி இல்ல. சாம்பிராணி!" செல்வி எழுந்தே நின்றுவிட்டாள். "அம்மா பூஜையில உக்காந்தா ரூம் முழுக்கப் பொகை. கதவு சாத்தியிருக்கு. அம்புட்டுப் பொகையும் மெஷினுக்குள்ள போகுது. மெஷின் சூடாகுது, மூச்சு முட்டுது. செவ்வா வெள்ளி சாம்பிராணி ஜாஸ்தி. கணக்குச் சரியா வருதா இல்லையா?"

கணக்கு அவ்வளவு சரியாக வந்ததில் முனியப்பனுக்கே பயமாகிவிட்டது. "இதைப் போய் மொதலாளிகிட்ட சொல்லாத தாயி. சனிக்கிழமை வரைக்கும்கூட வெச்சிருக்க மாட்டாரு."

*

வெள்ளிக்கிழமை விக்னேஷ்குமார் மறுபடி வந்தார். தலைக்குக் குளித்து, நெற்றியில் விபூதி வைத்து, பட்டினியாக வந்தார். நாச்சிமுத்து வாசலிலேயே மோப்பம் பிடித்தார்.

"என்ன தம்பி, வாசம் வருது?"

"நான் பச்சத்தண்ணிகூடக் குடிக்கல சார்."

"பையில?"

விக்னேஷ்குமார் தலையைக் குனிந்தார். பையில் பார்சல் பிரியாணி இருந்தது. "எங்க மேனேஜருக்கு சார். வாங்காம வந்தா உள்ள விடமாட்டேன்னுட்டாரு."

"எங்க வீட்டுலயும் அதேதான் தம்பி."

பையைக் கீழே வைத்துவிட்டு வருகிறேன் என்றார் விக்னேஷ்குமார். தொட்டதும் சாப்பிட்டதும் ஒன்றுதான் என்றார் நாச்சிமுத்து. விக்னேஷ்குமார் புக்கிங் அறைக்கு வந்து செல்வியின் எதிரே தொப்பென்று உட்கார்ந்தார்.

"இங்கேருந்தே பாக்க முடியாதா சார்?" என்று செல்வி கேட்டாள்.

"முடியாது மேடம். உங்க லாகின்ல உங்க வேலை மட்டுந்தான் தெரியும். சர்வர் மொத்தத்தையும் பாக்குற பாஸ்வேர்டு, இதை மொதல்ல மாட்டிக் குடுத்த ஆளுகிட்ட இருந்துச்சு. அவரு இப்ப துபாய்ல. மாடியில மெஷின் எப்பவும் தெறந்தேதான் இருக்கு. முன்னால போய் உக்காந்தா ரெண்டே நிமிசம், என்ன கோளாறுன்னு சொல்லிரலாம்."

"ரெண்டே நிமிசமா?"

"ரெண்டே நிமிசம்." அவர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "ஆறிப்போகுது மேடம். வாரேன்."

மணி நாலரை. கவுண்டரில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். ரெட்டியார்சத்திரத்துக்காரர் ஒருவரின் கனகாம்பரக் கூடை வாடிக்கொண்டிருந்தது. வரிசையின் கடைசியில் கிதர் முகம்மது, இன்னும் ஐந்து மூட்டைகளோடு.

"எதிர்ல போகலையா பாய்?"

"அங்க பில்லு வேகமாக் குடுக்குறாங்க. மூட்டையைத்தான் ஊர் மாத்தி அனுப்பிட்டாங்க. நீயே மெதுவா அனுப்பு."

திரை அசையவில்லை. முனியப்பன் குனிந்து பிஸ்கட் டப்பாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். கார்பன் வாசனை வந்தது. முதல் ஆளிடம், "பேரு சொல்லுங்க" என்றார்.

செல்வி எழுந்தாள்.

"எங்க போற?" என்றார் நாச்சிமுத்து.

"மாடிக்கு."

"செல்வி, சொன்னாக் கேளு. சட்டம் உனக்குத் தெரியும். என்ஜினியரையே விடல. நீ வேற வேதக்காரப் புள்ள."

"வேதக்காரப் புள்ளதான். இப்ப எங்களுக்குத் தவக்காலம் மொதலாளி. சாம்பல் புதன்ல இருந்து ஒரு மாசமா நான் கறி, மீனு, முட்டை எதையும் தொடல. காலையில தலைக்குக் குளிச்சேன். மாடியிலதான் போன ஞாயித்துக்கெழமை கறிக்குழம்பு கொதிச்சுச்சு, இங்க வரைக்கும் வாசம் வந்துச்சு. இந்தக் கட்டடத்துல உங்க சட்டப்படி அந்த ரூமுக்குள்ள போகத் தகுதியான ஆளு ஒருத்தர் இருந்தா, அது நான் ஒருத்திதான்."

வரிசையில் யாரோ கைதட்டினார்கள். நாச்சிமுத்து வாயைத் திறந்தார். சட்டத்தில் ஓட்டை தேடினார். கிடைக்கவில்லை.

"அது சரி… இருந்தாலும் பூஜை நேரத்துல…"

"பூஜை நேரத்துலதான் கோளாறு. சாம்பிராணிதான் கோளாறு. சாமியா பில்லான்னு நான் கேக்கல. சட்டியைக் கொண்டுபோய் ஜன்னல் பக்கம் வைங்கங்கிறேன். நாளைக்கு என்னைய வெளிய அனுப்புறதா இருந்தா அனுப்புங்க. பாக்காமப் போக மாட்டேன்."

"போ தாயி" என்றார் கிதர் முகம்மது. "மூட்டையை நான் பாத்துக்கிறேன்."

முனியப்பன் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எதற்கு வைத்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு அவள் படியேறினாள். பதினெட்டுப் படிகளுக்கும் பதினெட்டு வாக்கியங்கள் தயார் செய்தாள். அம்மா, உங்கள் பக்தியைக் குறை சொல்லவில்லை. அம்மா, கம்ப்யூட்டருக்கும் நுரையீரல் உண்டு. நாச்சிமுத்து பின்னாலேயே வந்து, பாதிப் படியில் தைரியம் தீர்ந்து நின்றுவிட்டார்.

பூஜையறைக் கதவு சாத்தியிருந்தது. ஆனால் புதுக் கேபிள் நிலைப்படியைக் குறுக்கே தாண்டிப் போனதால் தாழ்ப்பாள் விழவில்லை. செல்வி ஒரு நொடி நின்றாள். பிறகு தள்ளினாள்.

உள்ளே புகை இல்லை. சாம்பிராணிச் சட்டி கழுவிக் கவிழ்த்து வைத்தபடி காய்ந்து கிடந்தது. முருகன் படத்துக்குக் கீழே ஒற்றை விளக்கு. அதைவிடப் பிரகாசமாகச் சர்வரின் திரை எரிந்தது. திரையில், பனி மூடிய, எந்தத் தேசமென்று தெரியாத ஒரு மலைச்சாலை. அதில் ஒரு சிவப்பு லாரி, கொண்டை ஊசி வளைவில் விக்கி விக்கி ஏறிக்கொண்டிருந்தது.

பழனியம்மாள் புடவையைத் தூக்கிச் செருகி, சம்மணமிட்டு, கீபோர்டை மடியில் வைத்திருந்தார். லாரி வலதுபக்கம் திரும்பியபோது அவரும் வலதுபக்கம் சாய்ந்தார். நெற்றி விபூதி வியர்வையில் கரைந்திருந்தது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"கதவைச் சாத்து புள்ள. யாரும் உள்ள வந்துரக் கூடாதுன்னுதானே கவிச்சி, தீட்டுன்னு இத்தனை சட்டம் போட்டு வெச்சிருக்கேன். எங்கப்பன் நாப்பது வருசம் லாரி ஓட்டுனாரு. என்னைய ஸ்டியரிங்கைத் தொடக்கூட உட்டதில்ல. இவரு பத்து லாரி வெச்சிருக்காரு, ஏறி உக்காருன்னு ஒரு நாள் சொன்னதில்ல. போன லீவுக்குப் பேரன் வந்து இந்த லாரி வெளையாட்டுச் சிடியை மறந்து உட்டுட்டுப் போனான்."

லாரி நின்றது. ஒரு தடவை உதறியது. பின்பக்கமாக வழுக்கியது. பழனியம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு கீபோர்டைக் குத்தினார்.

படியிலிருந்து நாச்சிமுத்துவின் குரல் வந்தது. "என்னம்மா, கண்டுபிடிச்சுட்டியா? என்ன கோளாறு?"

பழனியம்மாள் முதல் தடவையாகத் திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கோளாறே கீழதான் புள்ள. நீங்க பில்லுப் போட உள்ள வந்தாப் போதும், இங்க என்ற லாரி இழுக்கவே மாட்டேங்குது. ஒரு மாசமா இந்த ஒரே மேட்டுல நிக்கறேன். இதை ஏறி முடிக்கற வரைக்கும் அந்த நாலு டப்பாவையும் நிறுத்தி வெச்சுப் போடறியா கண்ணு?"